எரிப்பதற்கு மூன்று நகல்

கண்ணாடிக்காரர் தன் வாழ்நாளில் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய பெயிண்ட் டின்னுக்குள் ஒரு நோட்டை வைத்து, அதன் ஓரத்தில் தீக்குச்சியைக் காட்டினார். நோட்டு பற்றிக்கொள்வதற்குள் நகராட்சிப் புகைப் பிரிவின் வண்டி வாசலில் வந்து நின்றுவிட்டது. போன மாதம் கடைத்தெருவில் மூன்று கடைகள் வரிசையாக எரிந்தபோது, மறுநாள் மத்தியானம் வந்து, 'அணைந்துவிட்டதா' என்று விசாரித்துவிட்டுப் போன அதே வண்டிதான். கண்ணாடிக்காரரின் தீக்குச்சிக்கு மட்டும் அதற்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

வண்டியிலிருந்து புகை ஆய்வாளர் இறங்கினார். அவருடைய மூக்குக்கண்ணாடியின் ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் கட்டியிருந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டவர் என்பதால், கண்ணாடிக்காரருக்கு ஆளைவிட அதுதான் முதலில் கண்ணில் பட்டது.

"என்ன எரிக்கிறீங்க, பெரியவரே?"

"நோட்டு சார். என் வீட்டுக்காரி எழுதினது."

"அவங்க எங்கே?"

"போன மாசம் போயிட்டா."

"எங்கே போயிருக்காங்க?"

"இறந்துட்டா சார்."

ஆய்வாளர் தன் படிவத்தில் ஒரு கட்டத்தைத் தேடிப் பிடித்து, 'உரிமையாளர் முகவரியில் இல்லை' என்று எழுதிக்கொண்டார்.

அந்த நோட்டுகளின் விஷயம் இதுதான். முப்பத்தொரு வருடம், தினமும் மத்தியானம், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு, அவர் மனைவி சமையலறை மேசையில் உட்கார்ந்து அரை மணி நேரம் எழுதுவாள். எழுதி எழுதிப் பதினோரு நோட்டு சேர்ந்துவிட்டது. சாப்பிட்டு ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்து கடைக்குக் கிளம்புகிற கண்ணாடிக்காரர், சமையலறை வாசல் வரைக்கும் வருவார், அவள் எழுதுவதைப் பார்ப்பார், சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடுவார். என்ன எழுதுகிறாய் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. அடுத்தவர் எழுதுவதில் மூக்கை நுழைக்காமல் இருப்பதுதான் மரியாதை என்பது அவர் கட்சி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"என்னங்க, நான் போனதும் அந்த நோட்டையெல்லாம் எரிச்சிடுங்க. நீங்க படிக்க வேண்டாம். யாருமே படிக்க வேண்டாம்."

அவர் சரி என்றார். அவள் அவரிடம் எதையும் கேட்கிற ஆளே இல்லை. கேட்ட ஒன்றையாவது செய்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து அவருக்கு நெஞ்சில் முள் தைத்த மாதிரி இருந்தது. படிக்க வேண்டும் என்று ஆசை இல்லாமலும் இல்லை. வீடு முழுக்க அவள் இல்லாமல் கிடக்கும்போது, அலமாரியில் பதினோரு நோட்டு அவள் கையெழுத்தோடு உட்கார்ந்திருந்தால் எந்த மனிதனுக்குத்தான் கை போகாது. அதனால்தான் சீக்கிரம் எரித்துவிடலாம் என்று கொல்லைக்கு வந்தார்.

"எரிச்சிருந்தா ஒண்ணுமில்லை. அபராதத்தோட போயிருக்கும்" என்றார் ஆய்வாளர். "இது பாதியில நின்ன எரிப்பு. இதைப் பதிவு பண்ணியாகணும்."

பதினோரு நோட்டுக்கும் ஒவ்வொன்றாக அரக்கு முத்திரை வைத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் விழுந்தது. இனிமேல் அவற்றை அடுப்பில் போட முடியாது, ஆற்றில் விட முடியாது, குப்பையில் போட முடியாது. நகராட்சியின் அனுமதியோடு, நகராட்சியின் முன்னிலையில் எரித்துக் கணக்கை முடிக்க வேண்டும். கண்ணாடிக்காரருக்கு ஒருவகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. சட்டப்படி செய்தால் அவளுக்கு அது இன்னும் மரியாதைதானே என்று நினைத்தார். பாவம், அதுவரை அவர் எந்த அலுவலகத்திலும் மாட்டியதில்லை.

திறந்தவெளி எரிப்பு அனுமதிப் பிரிவு இரண்டாவது மாடியில் இருந்தது. மூன்று கவுண்டர்களில் இரண்டு மூடிக் கிடந்தன. மூன்றாவதில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் தலைக்குமேல், 'நெருப்பு உங்கள் உரிமை அல்ல, அது எங்கள் பரிசீலனை' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவளுக்குப் பின்னால் இருந்த ஜன்னலில் தொழிற்சாலைப் புகைபோக்கி தெரிந்தது. அதிலிருந்து தார் நிறத்தில் புகை வந்து, பாதி வானத்தை மூடி, அந்த அறைக்குள்ளேயே வந்து எல்லாரையும் இரும வைத்துக்கொண்டிருந்தது.

கண்ணாடிக்காரர் அதைப் பார்ப்பதைக் கவனித்து, அங்கே மேசை போட்டு உட்கார்ந்திருந்த புகை ஆய்வாளர் தானாகவே விளக்கம் சொன்னார். "அது உள்ளே எரியறது, பெரியவரே. குழாய் வழியா சும்மா வெளியே வருது, அவ்வளவுதான். எங்களுக்கு வெளியே எரியறது மட்டும்தான். அதிகாரத்தை மீறி நாங்க எதுவும் செய்யறதில்லை."

கவுண்டர் பெண் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தாள். "எல்லாம் சரியா இருக்கு சார். எரிக்கப்போற பொருளோட மூணு நகல் மட்டும் வேணும்."

"எதோட நகல்மா?"

"நோட்டோடதான். எல்லாப் பக்கமும்."

கண்ணாடிக்காரர் காதில் சரியாக விழவில்லையோ என்று கவுண்டர் ஓட்டைக்குள் தலையைக் கொஞ்சம் விட்டார். "எரிக்கிறதுக்கு எதுக்கும்மா நகல்?"

"எரிஞ்சு போனதுக்கு அப்புறம், எரிஞ்சது இதுதானான்னு நாங்க எப்படி சார் சரிபார்க்கிறது?" அவள் இதைக் கேலியாகச் சொல்லவில்லை. விதி பதினான்கில் அப்படித்தான் இருந்தது. எந்தப் புண்ணியவான் அதை எழுதினானோ, காய்ந்த இலையை எரிக்க விண்ணப்பித்தவர்கள்கூட இலைக்கு மூன்று நகல் கேட்டதில் மிரண்டு ஓடிப்போயிருந்தார்கள். ஒன்பது வருடமாக அந்தப் பிரிவு ஒரு அனுமதியும் தரவில்லை. அப்படி ஒரு சாதனை அது.

"யாரும் படிக்கக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போனாம்மா" என்றார் கண்ணாடிக்காரர்.

"நாங்க படிக்க மாட்டோம் சார். நகல் மட்டும்தான் எடுப்போம்."

அந்த வார்த்தையை அவர் நம்பினார். வேறு வழியும் இல்லை. முத்திரையை உடைக்க ஒரு படிவம், உடைத்த முத்திரையைத் திரும்ப வைக்க ஒரு படிவம், இரண்டுக்கும் நடுவில் நோட்டு திறந்திருந்ததற்கு ஒரு விளக்கக் கடிதம். எல்லாம் கொடுத்தார். அவளே இயந்திரத்தின் முன் நின்று நகல் எடுத்தாள். கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். இயந்திரத்தின் வெளிச்சம் ஒவ்வொரு பக்கத்துக்கும் சுவரில் ஒரு தடவை ஓடியது. முதல் இரண்டு நோட்டும் சரசரவென்று போயின. மூன்றாவதில் வெளிச்சம் தாமதமாக வரத் தொடங்கியது. ஐந்தாவதில் நடுநடுவே நின்றே போனது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஒரு ஆள் படிக்கும்போது பக்கத்தில் எப்படி மூச்சு விடுவார் என்று முப்பது வருடம் கண் பரிசோதித்தவருக்குத் தெரியும். நிறுத்தும்மா என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நிறுத்தினால் மறுபடி முதல் படிவத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூன்று நாள் ஆயிற்று நகல் எடுத்து முடிய.

அடுத்து, உள்ளடக்கத்தில் தீங்கு ஏதும் இல்லை என்று ஆய்வாளர் சான்று தர வேண்டும். நோட்டுகளோடு கோப்பு அவர் மேசைக்குப் போனது, ஐந்து வாரம் அசையவில்லை. கண்ணாடிக்காரர் கால் கடுக்க நின்று நின்று, கடைசியில் ஒரு நாள் காரணத்தைக் கேட்டேவிட்டார்.

"கண்ணு தெரியலை பெரியவரே" என்றார் ஆய்வாளர். "இந்தக் கண்ணாடியில எழுத்தெல்லாம் எறும்பா ஊருது. புதுசுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அடுத்த வருஷ ஒதுக்கீட்டுல வரும்."

கண்ணாடிக்காரர் அங்கேயே அவர் கண்ணை முன்னும் பின்னும் பரிசோதித்துக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனார். எண் எழுதிய சீட்டைப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது அவர் மனைவியின் பவர். அவளுக்கு எத்தனை தடவை அதே லென்ஸை வெட்டியிருக்கிறார், அந்தப் பழக்கத்தில் கை தானாகவே வேலை செய்தது. அவள் எழுதியதை யாரும் படிக்கக் கூடாது என்பதற்காக, படிக்கப்போகிறவனுக்குக் கண்ணாடி செய்கிறோமே என்று நினைத்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்க ஆரம்பித்தவர் மேசை மேல் தலையைச் சாய்த்து அழுதுவிட்டார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, லென்ஸைத் துடைத்து, உறையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

புதுக் கண்ணாடியில் ஆய்வாளர் ஒன்பது நாள் படித்தார். பத்தாம் நாள் கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். இதுவரை அந்த அலுவலகத்தில் யாரும் அவரை உட்காரச் சொன்னதில்லை.

"ஒரு தகவல் சரிபார்க்கணும். அவங்க சமையலறையில எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாங்க? ஜன்னலைப் பார்த்தா, வாசலைப் பார்த்தா?"

"வாசலைப் பார்த்துதான் சார். ஏன்?"

"ஒண்ணுமில்லை. அப்படித்தான் எழுதியிருக்கு." ஆய்வாளர் ஓரத்தில் ஒரு டிக் போட்டார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். பிறகு 'தீங்கு இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. அக்கம்பக்கத்தாரின் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் அல்லவா. எரிக்கப்படும் பொருளின் சுருக்கத்தைத் தட்டச்சு செய்து, விண்ணப்பதாரரின் வெளிக்கதவில் பதினைந்து நாள் ஒட்டி வைக்க வேண்டும். சுருக்கம் நான்கு பக்கம் வந்திருந்தது. ஊழியர்கள் வந்து பசை தடவி ஒட்டிவிட்டு, கிழித்தால் மூன்று மாதம் உள்ளே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கண்ணாடிக்காரர் அன்றிலிருந்து வீட்டைவிட்டு வெளியே வரும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணாடி இல்லாவிட்டால் கதவே அவருக்குக் கலங்கலாகத்தான் தெரியும். தெருமுனை தாண்டின பிறகு மாட்டிக்கொள்வார். ஊரெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்று படித்துக்கொண்டிருந்தது. அவர் ஒருவர்தான் தடவித் தடவிப் படி இறங்கிப் போனார்.

எதிர்வீட்டு டீச்சர் நான்காவது நாள் வந்தார். அந்த வீட்டுக்கு இருபது வருடத்தில் உப்பு கேட்கக்கூட வந்ததில்லை அவர். கதவருகே நின்றுகொண்டு, "சாப்பிட்டீங்களா?" என்றார்.

"ஆச்சு டீச்சர்."

"நான் ஆட்சேபம் எழுதிப் போட்டிருக்கேன். எரிக்காதீங்க."

"புகை வராம பார்த்துக்கறேன் டீச்சர். வெறும் காகிதம்தான்."

"புகைக்காக இல்லைங்க" என்றார் டீச்சர். மேலே என்னவோ சொல்ல வந்தவர், அவர் சட்டைப் பையிலிருந்த கண்ணாடியைப் பார்த்தார். அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

மொத்தம் ஏழு ஆட்சேபங்கள் வந்திருந்தன. ஏழுமே அதை எரிக்காதீர்கள் என்று கெஞ்சிய கடிதங்கள். அலுவலகம் ஏழையும் பரிசீலித்து, அவை புகை, சாம்பல், தீப்பொறி ஆகிய மூன்றில் எதைப் பற்றியும் இல்லாததால் தள்ளுபடி செய்தது. கண்ணாடிக்காரருக்கு அனுமதி கிடைத்தது.

கிடைத்த அன்றுதான் அவர் மனசு உடைந்தார். வாக்கில் பாதி போயே போய்விட்டது. யாரும் படிக்கக் கூடாது என்றாள், தெருவே படித்துவிட்டது. மிச்சம் இருக்கிற பாதி, அவர் படிக்கக் கூடாது என்பது. அதைக் காப்பாற்ற எரிக்கத்தான் வேண்டுமா. அவள் தொட்டு எழுதிய காகிதம் உலகத்தில் வேறு ஏது. திறக்காமல் அலமாரியில் வைத்துக்கொண்டால் என்ன. அடித்துப் பிடித்துக்கொண்டு மாடி ஏறினார்.

"அம்மா, நான் எரிக்கலை. நோட்டை மட்டும் திருப்பிக் குடுத்திடுங்க."

கவுண்டர் பெண்ணின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து வாடியது. "அனுமதி குடுத்தாச்சு சார். குடுத்த அனுமதிக்குத் தீ வைக்கலைன்னா அது நகராட்சியை அவமதிச்ச மாதிரி. தலைமை அலுவலர் வேற வர்றார். ஒன்பது வருஷத்துல முதல் தீ இல்லையா."

எரிக்கிற நாள் வெள்ளிக்கிழமை, மத்தியானம் மூன்றரை மணி என்று அவர்களே குறித்துவிட்டார்கள். அது அவள் எழுத உட்காருகிற நேரம் என்று கண்ணாடிக்காரருக்கு மட்டும் தெரியும். படித்தவர்களுக்கும் தெரிந்திருக்கலாம்.

கொல்லையில் நாற்காலிகள் போட்டு, ஒரு மைக்கும் வைத்திருந்தார்கள். தண்ணீர் லாரி ஒன்று வந்து பக்கத்து வீட்டுச் சுவரை இடித்துவிட்டு நின்றது. விண்ணப்பதாரர் தீயிலிருந்து பதினைந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது விதி. கொல்லையின் நீளமே ஒன்பது மீட்டர். ஆகவே கண்ணாடிக்காரரை வீட்டுக்கு வெளியே, தெருவில், ஒரு சாக்பீஸ் வட்டத்துக்குள் நிறுத்திவிட்டார்கள். அவருக்கு எதுவும் தெரியவில்லை. மைக்கில் பேச்சு மட்டும் கேட்டது.

"அன்பார்ந்த பொதுமக்களே," என்று தலைமை அலுவலர் ஆரம்பித்தார். "கடந்த ஒரு வருடத்தில் இந்த ஊரில் அனுமதியோடு எரிந்த தீ ஒன்றுகூட இல்லை என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன். நான்கு வீடுகளும் மூன்று கடைகளும் எரிந்தனவே என்று சிலர் கேட்கிறார்கள். அவை விண்ணப்பிக்காமல் எரிந்தவை. நம் கணக்கில் வராதவை. விண்ணப்பித்த ஒரே தீ இன்று இங்கே எரிகிறது. ஒரு எளிய மனிதர், தன் வீட்டு விஷயத்தை யாருக்கும் தெரியாமல் எரித்துவிட வேண்டும் என்று நம்மை நம்பி வந்தார். நம்மில் அதைப் படிக்காதவர்கள் யாராவது உண்டா? அந்த அளவுக்கு நாம் இதில் அக்கறை காட்டியிருக்கிறோம். நானே இரண்டு தடவை படித்தேன். என் மனைவிக்கும் படித்துக் காட்டினேன்."

கை தட்டினார்கள். நீளமான கம்பு ஒன்றின் நுனியில் தீ வைத்து, தலைமை அலுவலர் அதைப் பெயிண்ட் டின்னுக்குள் நீட்டினார். அதே டின்தான். தெருவிலிருந்து பார்த்தபோது வீட்டுக்கூரைக்கு மேலே ஒரு துளி வெள்ளைப் புகை எழுந்தது. தொழிற்சாலைப் புகை வந்து அதை விழுங்கிவிட்டது. அவ்வளவு நாள் அவர் பட்ட பாட்டுக்கு அது ஏழே நிமிடத்தில் முடிந்துவிட்டது. வட்டத்துக்குள் நின்றபடியே கண்ணாடிக்காரர் சின்னப் பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். வட்டத்தைத் தாண்டக் கூடாது என்பதால் யாரும் பக்கத்தில் வரவில்லை.

சாம்பலை எடை போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். கதவிலிருந்த சுருக்கத்தைக் கிழித்துவிட்டுப் போனார்கள். திங்கள்கிழமை கோப்பை முடித்துக் கையெழுத்துப் போட அவரை வரச் சொன்னார்கள்.

மூன்றாவது கவுண்டரில் அவர் கையெழுத்துப் போட்டு முடித்ததும், அந்தப் பெண் குனிந்து, நாடா கட்டிய கனமான ஒரு காகிதக் கட்டை எடுத்து ஓட்டை வழியாகத் தள்ளினாள்.

"இது என்னம்மா?"

"மூணாவது நகல் சார். விண்ணப்பதாரர் நகல். ஒண்ணு ஆவணக் காப்பறைக்கு, ஒண்ணு தலைமை அலுவலகத்துக்கு, இது உங்களுக்கு. ஏழு வருஷம் பத்திரமா வச்சிருக்கணும். கிழிக்கவோ எரிக்கவோ கூடாது. வந்து கேட்டா காட்டணும்."

கண்ணாடிக்காரர் கட்டைப் பார்த்தார். மேல் அட்டையில், 'இதை எரிப்பது தண்டனைக்குரியது' என்று ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருந்தது. "எரிக்கணும்னுதானேம்மா வந்தேன்" என்றார். கோபம்கூட வரவில்லை அவருக்கு.

"எங்க வேலை அப்படி சார்." அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுக்குப் போய்ப் படிங்க சார். நாங்க எல்லாரும் படிச்சிட்டோம். நீங்க ஒருத்தர்தான் பாக்கி."

"வாக்கு குடுத்திருக்கேன்மா. நீயும் எதுவும் சொல்லிடாதே."

அவள் தலையை ஆட்டினாள். அவர் கட்டைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பினார். நாலடி போயிருப்பார். அவளால் முடியவில்லை.

"ஒரே ஒரு தடவை கேட்டிருக்கலாமே சார்."

அவர் நின்றார்.

"என்ன எழுதறேன்னு ஒரே ஒரு தடவை. கேட்டா அன்னிக்கே காட்டிடணும்னு பதினோரு நோட்டிலயும் எழுதியிருக்காங்க. வாசல் வரைக்கும் வர்றார், பார்க்கிறார், போயிடறார்னு. கடைசி நோட்டிலதான், இத்தனை வருஷம் கேட்காதவர் நான் போனதுக்கு அப்புறம் படிச்சு என்ன ஆகப்போகுது, எரிச்சிடட்டும்னு எழுதியிருக்காங்க." சொல்லி முடித்ததும் அவள் வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். "மன்னிச்சிடுங்க சார். மூணு நகல் எடுத்ததால மூணு தடவை படிச்சிட்டேன்."

கண்ணாடிக்காரர் எப்படி மாடி இறங்கினார், எந்த வழியாக வீட்டுக்கு வந்தார் என்று அவருக்கே நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றாமலேதான் கதவைத் திறந்தார். கதவில் இப்போது பசைக் கறை மட்டும்தான் இருந்தது.

சமையலறை மேசையில் கட்டை வைத்தார். வழக்கமாக அவர் உட்காரும் நாற்காலி வேறு. அன்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் நேரே வாசல் தெரிந்தது. ஒரு ஆள் வந்து நின்றால் தலையைத் தூக்காமலே தெரிந்துவிடும். அந்த வாசலில் எத்தனை மத்தியானம் வந்து நின்றிருப்பார், எவ்வளவு மரியாதையாகத் திரும்பிப் போயிருப்பார் என்பதை அவர் அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தார்.

நாடாவை அவர் அவிழ்க்கவில்லை. அவிழ்க்கப்போவதும் இல்லை. மூன்றரை மணி ஆனதும் எழுந்து, கூடத்துக்குப் போய், அங்கிருந்து மெதுவாக நடந்து வந்து சமையலறை வாசலில் நின்றார். காலியாக இருந்த நாற்காலியையும் மேசைமேல் இருந்த கட்டையும் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என்ன எழுதறே?" என்றார்.

கேட்டுவிட்டு, திரும்பிப் போகாமல் அங்கேயே நின்றார்.